அப்பா வழிக் கால்கள்

கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டு, தாலி ஏறுவதற்குள் நாலைந்து தரம் எழுந்து போய் வருகிற கிழவி ஒருத்தியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். பின்வரிசையில் நீங்கள் பேசிக்கொள்வதும் எனக்குக் கேட்கும். பாவம், சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்பீர்கள். சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். எழுபத்தைந்தைத் தாண்டியும் கால் சொன்னபடி கேட்கமாட்டேன் என்கிறது.

இப்போது இதற்கு ஆங்கிலத்தில் நாலெழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. என் மகள் பிள்ளைக்கு டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னபோது மகள் அழுதாள், நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷமாகப் பெயரில்லாமல் என்னோடு குடியிருந்த ஒன்றுக்குக் கடைசியில் பெயர் வைத்துவிட்டார்களே என்றுதான் சிரித்தேன். பேரனுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், பக்கத்தில் இருந்து பழக்குகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறான். ஆகவே நான் சொல்லப்போவதை மருந்துக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் காலத்தில் என்ன செய்தார்கள், என் வீட்டில் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். என் வீடு என்று ஒன்று இல்லை, இரண்டு இருந்தன. சிக்கலே அங்கேதான்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம். எனக்கு எட்டு வயது. மலாக்காவில் காஜா பேராங் என்ற கம்பத்தில், அதாவது கிராமத்தில், அம்மாவோடும் மாமாவோடும் இருந்தேன். அம்மாவின் ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பல தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வியாபாரம் செய்ய வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள் அவர்கள். சாமி நம் சாமி, திருநீறு நம் திருநீறு, மாமாவை மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் பேச்சு மலாய். அம்மா சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, கோயிலில் நின்று முருகனிடம் மலாயில் முறையிடுவார். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழர். படித்து மேலே வந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மருந்து கலக்குவது எல்லாம் அவர்தான் செய்வார். கம்பத்துக் கோயில் திருவிழாவில் அம்மாவைப் பார்த்து, மாமாவிடம் நேராக வந்து பெண் கேட்டாராம். உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யார் என்று மாமா கேட்டதற்கு, தாய் தகப்பன் இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள் என்றாராம். வெள்ளை வெளேர் என்று யூனிபார்மில் வந்த மாப்பிள்ளையைப் பார்த்து யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர்கள் பிரிந்ததும் சத்தமில்லாமல்தான் நடந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. எனக்கு ஐந்து வயது இருக்கும்போது அப்பா ஒரு நாள் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புக்கிட் பாருவில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அதற்கு முன்னால் நடந்த சண்டையெல்லாம் என்னைப் பற்றித்தான். நான் எதிலிருந்து விழுந்தேன், எதை உடைத்தேன், யார் என்னைக் கண்டிக்கவில்லை என்பதுதான். அதனால் அவர் போனது என்னால்தான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்களோ அதைத்தானே பிள்ளைகள் நம்பித் தொலைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வந்து எங்கள் வாசலில் இருந்த ஜம்பு மரத்தடியில் சைக்கிள் மணி அடிப்பார். நான் ஓடிப்போய்ச் சைக்கிளின் முன்கம்பியில் ஏறிக்கொள்வேன். அந்தக் கம்பியில் எனக்காகவே ஒரு குட்டி மெத்தை சுற்றியிருந்தது. பழைய போர்வைத் துணியைச் சுருட்டி, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியால் வரிந்து கட்டியிருப்பார். அந்த மெத்தை எங்கே போனதோ தெரியவில்லை. உலகத்திலேயே நான் கொஞ்சமாவது அடங்கி உட்கார்ந்த இடம் அதுதான், காரணம் அது நகர்ந்துகொண்டே இருந்தது.

சரி, பள்ளிக்கூடம். மெர்டேக்கா அணிவகுப்புக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போக வேண்டும் என்று வெயிலில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார்கள். கையில் காகிதக் கொடி. அசையாமல் நில், சொல்லும்போது மட்டும் கொடியைத் தூக்கு. இதைவிட எனக்குத் தண்டனை வேண்டுமா? எறும்பு போனால் அதன் பின்னால் போவேன். முன்னால் நிற்கிறவளின் ரிப்பனை அவிழ்ப்பேன். கொடிக் குச்சியைக் கடித்துக் கடித்துத் துப்பியதில் ஒரு நாள் கொடி மட்டும்தான் கையில் மிஞ்சியது. டீச்சர் அப்பாவை வரச்சொல்லி, நாட்டுக்கு ஆகஸ்டில்தான் சுதந்திரம், உங்கள் மகளுக்கு இப்போதே கிடைத்துவிட்டது என்றாராம். அப்பா சிரிக்கவில்லை. அடங்கினால் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த பள்ளித் தவணைக்கு இடமில்லை என்றும் டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் அப்பா ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வேலை முடிந்து நேரே ஜம்பு மரத்தடிக்கு வந்தார். சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மா படியில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மண்தரையில் நான் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிய தீர்ப்பு என் தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

அப்பா சொன்னது இது. இது நரம்புக் கோளாறு. மிக்சர் மருந்து கலந்து தருகிறேன், பள்ளிக்கூட நாட்களில் காலையும் சாயங்காலமும் கொடு. மெர்டேக்காவுக்குள் அடங்கவில்லை என்றால் வடக்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் சேர்த்துவிடலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று அவர்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே விசாரித்துவிட்டேன்.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை என்ற சொல் எனக்கும் விளங்கியது. ஓடிப்போய் அம்மாவின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டே குதித்தேன். பயந்தாலும் என்னால் குதிக்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பயம்போல் பிறகு பிரசவத்திலும் ஏற்பட்டதில்லை.

அம்மாவுக்கு வேறொரு நினைப்பு இருந்தது. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு முறை இறந்தவர்களுக்கு இலை போடுவோம். அதற்குப் பார்ச்சு என்று பெயர். பொங்கலுக்கு முன்னால் ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதைச் சமைத்து அவரவர் இலையில் வைப்போம். அம்மாவின் ஆட்கள் எல்லோருக்கும் இலை உண்டு. அப்பாவின் ஆட்களுக்கு யார் போட்டார்கள்? அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, அவர் போட்டதே இல்லை. அவருடைய தகப்பனார் பசியோடு அலைகிறார், அலைகிறவர் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் பிள்ளையால் உட்கார முடியவில்லை. இதுதான் அம்மாவின் கணக்கு.

"மருந்தைக் கொடுக்கிறேன், ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுக்கிறேன். ஆனால் பார்ச்சில் உங்கள் தகப்பனாருக்கும் ஓர் இலை போடுவேன். அதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டும். அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லுங்கள்."

அப்பா சைக்கிள் பிரேக்கை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். வாளைக் கருவாட்டுக் குழம்பு, நிறைய புளி ஊற்றி. குழையாத சோறு. சுட்ட அப்பளம், பொரித்தது கூடாது. வெல்லம் போட்ட கடுங்காப்பி. நான் ஒவ்வொன்றாக அம்மாவுக்கு மலாயில் சொன்னேன். வெறும் சடங்குதானே, போட்டால் என்ன நஷ்டம் என்று அவர் அன்றைக்கு நினைத்திருப்பார். சைக்கிளைத் திருப்பும்போது இரண்டு முறை பெடலிலிருந்து அவர் கால் வழுக்கியது.

மிக்சர் பாட்டில் வந்தது. உங்களுக்கு அந்தப் பாட்டில் நினைவிருக்கும். பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருப்பார்கள், ஒரு பல் ஒரு வேளை. மருந்து பழுப்பு நிறம், உப்புக் கரிக்கும், அடிநாக்கில் கசக்கும். அம்மா சொன்ன சொல் தவறாதவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பல்லைப் பார்த்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாயில் ஒரு துண்டுக் கற்கண்டு போடுவார்.

நான் அடங்கிவிட்டேன். அதை எப்படிச் சொல்வது? குளத்து நீருக்குள் முங்கிக்கொண்டு மேலே பேசுகிறவர்களைக் கேட்பது போல இருந்தது. டீச்சர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். பயிற்சியில் கொடியைப் பிடித்தபடி நின்றேன், தூக்கச் சொன்னபோது மட்டும் தூக்க மறந்தேன். அது பழக் காலம். வீடு முழுவதும் டுரியான் மணம், மூலையில் மங்குஸ்தீன் கூடை. மற்ற வருஷங்களில் நான் அந்தக் கூடைக்குள்ளேயே குடியிருப்பேன், சட்டையெல்லாம் ஊதாக் கறையாக இருக்கும். அந்த வருஷம் மாமா உரித்துக் கையில் கொடுத்த மங்குஸ்தீனை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேனாம்.

மாமாவுக்குச் சந்தோஷம். "டூடோக் டியாம்" என்று நாள் முழுக்கக் கத்தியே அவருக்குத் தொண்டை போயிருந்தது. சும்மா உட்கார் என்று அர்த்தம். என் சொந்தப் பெயரைவிட அதைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். இப்போது சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அப்பாவுக்கும் திருப்திதான், ஞாயிற்றுக்கிழமை என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா மட்டும் பயந்தார். வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கிறது, இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை என்றார். நான் சுவரோரம் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார்.

விடுதிக்குப் போகத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் அப்பா அந்தப் பேச்சை விடவில்லை. மருந்து ஒரு ஆரம்பம்தான், விடுதிக் கட்டுப்பாடும் சேர்ந்தால்தான் நிலைக்கும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமாவும் யோசிக்கலாம் என்ற மாதிரி இருந்தார். அம்மாவுக்குக் கடைசி நம்பிக்கையாக இருந்தது அந்த ஓர் இலை மட்டும்தான்.

பார்ச்சுக்குச் சில நாட்கள் முன்னால் அம்மா மருந்தை நிறுத்தினார். திருட்டுத்தனமாக இல்லை, அப்பாவிடம் சொல்லிவிட்டே நிறுத்தினார். வருகிறவர் பேத்தியை உள்ளபடி பார்க்க வேண்டும், தூங்குமூஞ்சியாகப் பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்டார். அப்பா தோளைக் குலுக்கினாராம். நீரிலிருந்து தலையைத் தூக்கியதுபோல எனக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் விரல்கள் தாளம் போட்டன, அப்புறம் முழங்கால், அப்புறம் முழு ஆளும். பார்ச்சு நாள் காலையில் நான் ஜம்பு மரத்தில் ஏறியதைப் பார்த்து அம்மா திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

நடுப்பகலில் இலைகள் போட்டார்கள். ஜன்னல்களை அடைத்து, குத்துவிளக்கு மட்டும் ஏற்றி, சாம்பிராணிப் புகை போட்டார்கள். ஒவ்வோர் இலையிலும் ஒரு மனுஷர் குணம் தெரியும். ஒன்றில் சுருட்டு, ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் இனிப்பு மட்டும். பழங்களைக் குவித்து வைத்தார்கள். கதவுக்கு அருகில் கடைசியாகப் புது இலை. அம்மா அதுவரை வாளைக் கருவாடு சமைத்ததில்லை, கோயில் பக்கத்தில் ஒரு தமிழ்க்கார அம்மாவிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்து சமைத்தார். அப்பளத்தைத் தணலில் சுட்டபோது விரலும் சேர்ந்து சுட்டுக்கொண்டது. எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் பாதிப் பசியோடு எழுந்து போய்விடுவார்கள், வருஷம் முழுக்க வீடு தேறாது.

அப்போதுதான் சைக்கிள் வந்தது. மணி அடிக்கவில்லை. அப்பா யூனிபார்மோடு, வேர்வையில் ஊறி, சைக்கிளை நிறுத்திவைக்கக்கூடச் செய்யாமல் கீழே போட்டுவிட்டு நேரே படியேறினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. மாமா எழுந்து குறுக்கே போனார், உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்றார். அப்பா அவரை ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

மரத்தடியில் நின்ற அத்தனை பேரும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நான் மாமாவின் கைக்கு அடியில் புகுந்து உள்ளே ஓடினேன். அப்பா கடைசி இலைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். இலையைத் தொடக் கை போகிறது, தொடாமல் திரும்புகிறது. பிறகு கதவருகில் வந்து நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொன்னார். இத்தனை வருஷம் அம்மாவிடம் மலாயில் மட்டுமே பேசியவர்.

"இத எடுத்துடு. அவரு சாகல. இன்னும் உசுரோடதான் இருக்காரு."

அம்மாவுக்கு விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே அதை மலாயில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

உயிரோடு இருப்பவருக்கு இலை போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலை என்பது அழைப்பு. அழைத்தால் வந்தாக வேண்டும். உயிரோடு இருப்பவர் அந்த வரிசையில் வந்து உட்கார வேண்டுமென்றால், முதலில் சாக வேண்டும். நம்பிக்கையே இல்லாத என் அப்பா அதற்குப் பயந்துதான் வந்திருந்தார். வார்டில் ஒரு கிழவருக்குக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, பாதியில் கை ஓடவில்லையாம். இதை அவரே பின்னால் சொன்னார்.

மாமா கொதித்துவிட்டார். பெண் கேட்டு வந்த அன்றே பொய், பொய்யிலேயே தாலி என்றார். சோற்றை ஆற்றில் கொட்ட வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும் என்றார். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அறியாத அம்மா, அன்று அவரைத் தாண்டி உள்ளே போனார். மற்ற இலைகளைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கடைசி இலையை இரண்டு கையாலும் மடித்து, மேலே இன்னொரு பச்சை இலை சுற்றி, நாரால் கட்டினார். காப்பியைப் பாட்டிலில் ஊற்றினார்.

"ஆறுவதற்குள் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். சாப்பிட்டுவிட்டால் இது உயிரோடு இருப்பவர் சோறு. பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பொய்யைப் பற்றி அப்புறம் பேசலாம்."

அந்தச் சமயத்தில் அந்த அறிவு அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன். அப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

அப்பாவின் தகப்பனார் இருந்த புக்கிட் ரம்பாய் அப்போது இப்படி இல்லை. பாதி வழிக்கு மேல் செம்மண் சாலை, இரண்டு பக்கமும் பால்மரம், ரப்பர் மரத்தை அப்படித்தான் சொல்வோம். பொட்டலம் என் மடியில் சுட்டது, புளிக்குழம்பு மணம் மூக்கைத் துளைத்தது. அப்பா என் தலைக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. என்னோடு அவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை.

அவருடைய தகப்பனார் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெட்டினால் மற்றவர்களுக்கு முன்னால் வெட்டி முடிப்பாராம், அல்லது மர வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு ஆற்றுப்பக்கம் போய்விடுவாராம். ஒரு தோட்டத்தில் நிலைத்ததில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டமாக நடந்திருக்கிறார், பிள்ளைகள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். சோற்றைக்கூட நின்ற இடத்தில் தின்னமாட்டார். அப்பா தலையெடுத்து டிரஸ்ஸரானதும் அவரைத் தன்னோடு கூட்டிவந்து மிக்சர் கொடுத்திருக்கிறார். எனக்குக் கொடுத்த அதே மிக்சர். அதற்கும் அடங்காமல் போனபோது, வடக்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அங்கே யாரும் கெடுதல் நினைத்திருக்கமாட்டார்கள், அந்தக் காலத்துக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருப்பார்கள். வெளியே வந்தபோது கை நடுக்கத்தோடு வந்தார். மகன் வந்தால் ஒளிந்துகொண்டார். கூட வேலை செய்த பழைய சிநேகிதர் ஒருவர் புக்கிட் ரம்பாயில் தன் துண்டு நிலத்தில் குடிசை போட்டு வைத்துக்கொண்டார். அப்பா மாதாமாதம் கடைக்காரர் மூலமாக அரிசி அனுப்புவார், தான் போகமாட்டார்.

"செத்துட்டாருன்னு சொன்னா, எங்க இருக்காருன்னு யாரும் கேக்கமாட்டாங்க பாரு," என்றார்.

குடிசைக்கு முன்னால் ஒரு கிணறு. கிணற்றடியில் ஒல்லியாக ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்தார், வெள்ளை யூனிபார்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். பால்மரங்களுக்கு நடுவே வேட்டி தெரிந்தது, மறைந்தது.

அப்பா துரத்தவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையைச் சுருட்டிச் சைக்கிளின் பின்னால் வைத்தார். பனியனோடு நின்று, பொட்டலத்தைப் பிரித்து, இலையைக் கிணற்றுக் கட்டின்மேல் விரித்தார். "கருவாடுப்பா," என்று மரங்களைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் அவர் குரலுக்கு நோயாளிகள் எழுந்து நிற்பார்கள் என்பார்கள், அந்தக் குரல் அங்கே இல்லை. எனக்கு அப்பாவை நினைத்து அழுகை வந்தது. அதற்கு முன்னால் அவருக்காக நான் அழுததில்லை.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் பொறுமை கிடையாதே. அப்பாவும் அம்மாவும் மறுபடி ஒன்றாகக் குடியிருக்கவில்லை. அந்தப் பொய்யை அம்மா மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் விஷயத்தை அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குள் உட்கார்ந்துதான் பேசினார்கள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் தினமும் என்னை ஓடவிட்டார்கள். டீச்சரிடம் அப்பாவே போய்ப் பேசி, வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை கொண்டுபோகிற வேலையை எனக்கு வாங்கித் தந்தார். அதனால் அடுத்த தவணைக்கும் எனக்கு இடம் கிடைத்தது. மிக்சர் திரும்ப வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேரும் பாதி பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் இருப்பது என்றார் அப்பா, உடம்பில்தான் இருந்தது. அப்பா வழியில் வந்தது என்றார் அம்மா, அப்பா வழியில்தான் வந்தது. இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்க்க அவர்களுக்கு ஆள் இல்லை. மெர்டேக்கா அணிவகுப்பில் என்னைச் சேர்க்கவில்லை, மைதானத்து ஓரத்தில் மாமாவின் தோளில் இருந்து பார்த்தேன். அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

கிணற்றடிக்கு வருகிறேன். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்குமாக நின்று நின்று தாத்தா வந்தார். ஆமாம், தாத்தாதான். இலைக்கு அருகில் வந்து ஒரு கவளம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார். மென்றுகொண்டே கிணற்றைச் சுற்றினார். திரும்பி வந்து இன்னொரு கவளம். கை நடுங்கியதில் பாதிச் சோறு வழியிலேயே சிந்தியது. நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறீர்கள்? நானும் பின்னால் ஓடினேன். என்னைச் சும்மா உட்காரச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு பக்கமாகவும் நான் எதிர்ப்பக்கமாகவும் சுற்றிக்கொண்டிருந்தோம். எதிரே வரும்போதெல்லாம் அவர் என் கால்களையே பார்த்தார். அப்பா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இது?" என்று தாத்தா கேட்டது ஒரு சுற்றில் என் காதில் விழுந்தது. "ஒங்க பேத்திப்பா," என்று அப்பா சொன்னது அடுத்த சுற்றில் விழுந்தது. தாத்தா காப்பியைக் குடித்தார். வாயைத் துடைத்தார். அப்பாவுக்கு அருகில் வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளின் பின்னால் சுருட்டி வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தபடி கேட்டார்.

"இதையும் அனுப்பப் போறியா?"

நான் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அந்தக் கேள்விக்கு நானும் பழக் காலம் தொடங்கியதிலிருந்து பதில் தெரியாமல் இருந்தேன். ஓடிக்கொண்டே கேட்டால் பதில் காதில் விழாமல் போய்விடும். நின்றேன். யாரும் சொல்லாமல், மருந்து இல்லாமல், என் இரண்டு கால்களும் மண்ணில் ஊன்றி நின்றன.

அப்பா எழுந்தார். கையை நீட்டித் தாத்தாவின் நடுங்குகிற கையைப் பிடித்தார், தாத்தா உதறவில்லை.

"இல்லப்பா," என்றார். "இவள எங்கயும் அனுப்பமாட்டேன்."

நான் மறுபடி ஓட ஆரம்பித்தேன்.